பிறர் எழுத்தில் பிழை சொல்லலாமா? ஒரு அம்மா குழுவை விட்டே போய்விட்டார்

டிரெடில்காரர்:

மதுரையில் ஓர் அச்சகத்தில் 31 வருடம் பிழை திருத்துபவனாக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி நோட்ஸ், தேர்தல் நோட்டீஸ் எதுவானாலும் என் மேஜையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். டிரெடில் என்ற பழைய அச்சு மெஷின் ஓடிய காலத்தில் எழுத்துக் கோர்ப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, திருத்துவதற்காக முதலில் எடுக்கும் மை காயாத புரூஃபில் குறி போட்டவன். அப்புறம் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி வந்தது, ஆப்செட் வந்தது, சிவப்புப் பேனா மட்டும் மாறவில்லை. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. பேனாவை உள்ளே வைத்துவிட்டேன், கை நிற்கமாட்டேன் என்கிறது.

பொழுது போகட்டும் என்று மொட்டை மாடியில் 22 பைகளில் காய்கறி போட்டேன். அதற்காக ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்தேன். இருநூறு பேர் இருப்பார்கள். சென்ற மாதம் அதில் ஒரு அம்மா இப்படி எழுதினார். அப்படியே தருகிறேன்:

"வணக்கம் எல்லாருக்கும் எங்க மாடில கத்திரி வச்சுருக்கேன் எல சுருளுது அடில வெள்ள வெள்ளையா இருக்கு மல வந்தப்ப கொஞ்சம் போச்சு இப்ப திரும்ப வந்துருச்சு போன வாரம் பஞ்சகாவியா டேங்குக்கு முன்னூறு ஊத்தி அடிச்சேன் பூ நின்னுச்சு ஆனா வெள்ள போகல என்ன செய்ய சொல்லுங்க புதுசா வச்சவங்களும் இதே அளவு அடிக்கலாம் பூ நல்லா நிக்கும்"

ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. மூன்று தடவை படித்தால்தான் எது எங்கே முடிகிறது என்று தெரிகிறது. நான் அதை நகல் எடுத்து, மாற்ற வேண்டிய இடங்களுக்கு எண் போட்டு, திருத்திய வடிவத்தையும் கீழே கொடுத்தேன். மொத்தம் 14 இடம். எல அல்ல இலை, கத்திரியைவிடக் கத்தரி நல்லது, பஞ்சகாவியா அல்ல பஞ்சகவ்யம், இப்படி. 'மல' என்று எழுதினால் மழை என்று படிக்க மாட்டார்கள், வேறு ஏதோ என்று நினைப்பார்கள் என்று ஒரு வரி வேடிக்கையாகவும் எழுதினேன். நான்கைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

அன்று ராத்திரியே அந்த அம்மா குழுவை விட்டு வெளியேறிவிட்டார். குழுவில் பாதிப் பேர் வீட்டில் காய்க்கிற சுரையும் பீர்க்கும் அவர் கவரில் போட்டு அனுப்பிய விதை. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரிதான் சொன்னாள்: "அவங்க செடிக்கு மருந்து கேட்டாங்க, நீங்க கமா குடுத்தீங்க."

மனசு கேட்கவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. இருநூறு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறவருக்குக் கொஞ்சம் ஒழுங்காக எழுதும் கடமை கிடையாதா? படிக்கிறவன் நேரத்துக்கு மதிப்பு இல்லையா? சொல்லலாம் என்றால் எதை, எப்படிச் சொல்வது?

மல்லிப்பந்தல்:

சார், முக்கியமான விஷயத்தை நீங்கள் 'வேடிக்கையாகவும்' என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். பதினான்கு திருத்தத்துக்காக அந்த அம்மா போயிருக்க மாட்டார். அந்த 'மல' ஜோக்குக்காகப் போயிருப்பார். அதற்குச் சிரித்த நாலு பேருக்காகவும்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். இதைக்கூட மைக்கில் பேசி, பிறகு உட்கார்ந்து சரிசெய்து போடுகிறேன், நீங்கள் படிப்பீர்கள் என்ற பயத்தில். கால் மெஷினில் இருக்கும்போது போனில் பேசினால் அது எழுதிக்கொள்ளும். எழுதும், ஆனால் என் போனில் ஒரு தடவைகூடத் தானாகப் புள்ளி வைத்தது கிடையாது. நான் மழை என்று சொன்னாலும் மல என்றுதான் விழும், ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் உச்சரிப்போம். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைத்தாலும் இதே கதைதான். பழம் கேட்டால் பலம் வந்து முன்னால் நிற்கும், அவசரத்தில் அதையே தொட்டுவிடுவோம். நீங்கள் எண்ணிய 14ல் எத்தனை அந்த அம்மாவுடையது, எத்தனை போனுடையது?

என் பெண் படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவில் நான் ஒரு நாள் 'பரிச்சை எப்போ' என்று கேட்டேன். அங்கே ஒரு டீச்சர் 'பரீட்சை' என்று மட்டும் பதில் போட்டார். தேதி சொல்லவில்லை. இரண்டு வருடம் ஆகிறது, அதற்குப் பிறகு அந்தக் குழுவில் நான் கட்டைவிரல் மட்டும்தான் போடுகிறேன். கேட்க வேண்டியதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒற்றுமிகும்:

நான் எதிர்க்கட்சி. முதலில் கேள்வி கேட்டவருக்கு ஒன்று: 'எழுத்துக் கோர்ப்பவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். கோத்தல்தான் சரி. பூக்கோத்தாள், அச்சுக்கோத்தார். நடுவில் ர் எங்கிருந்து வந்தது? 31 வருடம் அச்சுக்கோப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் இப்படி எழுதலாமா!

இதைக் கேட்டு நீங்கள் இங்கிருந்து ஓடிவிடப் போவதில்லை. அதுதான் நான் சொல்ல வருவது. சொன்னால் திருத்திக்கொள்வோம், அவ்வளவுதான். நக்கீரர் பரம்பரையில் வந்துவிட்டு எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்தால் நாளைக்குச் சுவரில் என்று எழுதினால் பிழை, சுவற்றில்தான் சரி என்று சொல்லும் தலைமுறை வரும். ஏற்கெனவே வந்தாயிற்று. கடைக்குக் கடை 'சில்லரை இல்லை' என்று எழுதித் தொங்குகிறது. சில்லறையே இல்லாத காலத்தில் ற எதற்கு என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

ஒரு ஒற்றுத்தானே என்று அலட்சியமாகச் சொல்வார்கள். 'வேலை கொடு' என்றால் பிழைப்புக் கேட்கிறான். 'வேலைக் கொடு' என்றால் ஈட்டியைக் கேட்கிறான். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானையுடையது. அர்த்தமே ஒரு க், ஒரு ப்பில் தொங்குகிற மொழி இது.

மல்லிப்பந்தல்:

சரிங்க ஐயா. மாடித்தோட்டக் குழுவில் யாரும் ஈட்டி கேட்டு எழுத மாட்டார்கள், தந்தப் பலகையில் கீரை போடவும் மாட்டார்கள்.

அது இருக்கட்டும், வாழ்த்துகளா வாழ்த்துக்களா? எனக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்தச் சண்டை வருகிறது.

ஒற்றுமிகும்:

வாழ்த்துகள். க் போட்டால் வாழ்த்திவிட்டுக் கள்ளும் ஊற்றுகிறீர்கள் என்று ஆகிவிடும். ஆனால் எழுத்துக்கள் என்று ஒற்றுப் போட்டு எழுதிய புலவர்களும் உண்டு என்று எதிர்த்தரப்பு கிளம்பும். அவர்களிடமும் விஷயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நான் க் போடுவதில்லை.

நல்லூர்வாசி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கிட்டடியில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு நண்பர்கள் கூடுதலாக உள்ள ஒரு வாசிப்புக் குழுவில், "போன கிழமை ரொறன்ரோவில் இருக்கும் மகளுடன் கதைத்தேன்" என்று எழுதினேன். ஒரு தம்பி மூன்று இடத்தில் திருத்தினார். எந்தக் கிழமை, திங்களா செவ்வாயா? டொரோண்டோ என்று எழுத வேண்டும். கதைத்தேன் அல்ல, பேசினேன்.

எங்களுக்குக் கிழமை என்றால் ஏழு நாளும் சேர்ந்த வாரம். ஆங்கிலத்து டகரத்தை நாங்கள் ரகரமாகவும் றகரமாகவும் எழுதிப் பழகியவர்கள். ரெலிபோன், இன்ரநெற் என்றுதான் எங்கள் பேப்பரிலும் வரும். கதைப்பது எங்கள் வாழ்க்கை. மூன்றில் ஒன்றுகூடப் பிழையில்லை, மூன்றும் கடலுக்கு இந்தப் பக்கத்துத் தமிழ். தம்பி நல்ல மனத்தோடுதான் செய்தார் என்று விளங்கியது. ஆனாலும் நாற்பது வருடம் படிப்பித்த எனக்கு அடுத்த வசனம் எழுதக் கை கூசியது. அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

கேள்வி கேட்டவரின் 14லும் இப்படி ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல, அடில, வச்சுருக்கேன் எல்லாம் பேச்சுத் தமிழ். அவர் கட்டுரை எழுதவில்லை, கதைக்கிறார்.

புள்ளி இல்லாததைப் பற்றியும் ஒரு சொல். ஓலையில் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குக்கூடப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், எழுத்தாணி ஓலையைக் குத்திவிடும் என்ற பயம். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரித் தெளிவானது இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவருக்குப் பிறகுதான். காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் உரைநடையில் தாராளமாகப் போட்டுக் காட்டியவர்களில் எங்கள் ஊர் ஆறுமுக நாவலர் முன்னோடி. அவர் பிறந்தது 1822ல். அதுவரைக்கும் ஏடு படித்தவர்கள் எல்லாம் அந்த அம்மாவின் பதிவைப் போல ஒரே மூச்சில் ஓடுகிற எழுத்தைத்தான் பிரித்துப் படித்தார்கள். நாவலர் ஊர்க்காரன் நான், புள்ளி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வைத்தால் நல்லது. வைக்காதவர் விசயமில்லாதவர் என்று நினைக்கக் கூடாது.

வரப்போரம்:

வேளாண்மைத் துறையில் களப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். நல்ல தமிழா கெட்ட தமிழா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. அந்தப் பதிவைப் படித்ததும் எனக்குத் தூக்கிப்போட்டது வேறு ஓர் இடம்.

"டேங்குக்கு முன்னூறு."

எந்த டேங்க்? முதுகில் மாட்டுகிற கைத்தெளிப்பானில் 10 லிட்டர் பிடிக்கிறது உண்டு, 16 லிட்டர் பிடிக்கிறதும் உண்டு. மாடித்தோட்டக்காரர்கள் பலர் வைத்திருப்பது 2 லிட்டர் பம்ப், சிலர் 1 லிட்டர் பாட்டில். பஞ்சகவ்யத்துக்குப் பொதுவாகச் சொல்கிற அளவு 3 சதவீதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. அந்த அம்மாவிடம் இருப்பது 10 லிட்டர் டேங்க் என்றால் கணக்குக் கச்சிதம், பூ நின்றதில் ஆச்சரியமில்லை. ஆனால் கடைசி வரியைப் பாருங்கள், புதிதாக வைத்தவர்களும் இதே அளவு அடிக்கலாம் என்கிறார். 2 லிட்டர் பம்ப் வைத்திருப்பவர் அதை நம்பி முன்னூறு ஊற்றினால் ஐந்து மடங்கு. நாற்றுப் பருவத்துச் செடி என்றால் இலை கருகிப்போகும்.

இன்னொன்று, அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் யாருமே பதில் சொல்லவில்லை, இங்கேயும் சேர்த்துத்தான். இலை அடியில் வெள்ளை என்றால் மாவுப்பூச்சியாகவோ வெள்ளை ஈயாகவோ இருக்கும். மழை அடித்தபோது கொஞ்சம் கழுவிக்கொண்டு போயிருக்கும். பஞ்சகவ்யம் செடிக்குத் தெம்பு, பூச்சிக்கு விஷம் இல்லை. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையடியைக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் அடிக்கச் சொல்லுங்கள். ஒட்டுகிற மாதிரிப் பஞ்சு பஞ்சாக இருக்கிறதா, தொட்டால் பறக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஆக, டிரெடில்காரர் ஐயா 14 குறி போட்டிருக்கிறார். எதைத் திருத்த வேண்டுமோ அது அந்த 14ல் இல்லை. நீங்கள் திருத்திக் கொடுத்த வடிவத்திலும் 'டேங்குக்கு முன்னூறு' அப்படியேதான் இருந்திருக்கும், இல்லையா? எழுத்துப் பிழை இல்லாத வாக்கியம் அது.

சிரிக்க வேண்டாம், நானும் இதையே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விவசாயிகளுக்கு ஒரு துண்டறிக்கை எழுதினேன். சந்தி சுத்தமான தமிழ். 'மேற்கண்ட மருந்தினைப் போதுமான நீரில் கரைத்துத் தெளிக்கவும்' என்று முடித்திருந்தேன். மறுநாள் வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். "போதுமானதுன்னா எத்தனை குடம் சார்?" ஒற்று ஒன்றும் விடுபடவில்லை, விஷயம்தான் விடுபட்டிருந்தது. ஒற்றுமிகும் ஐயா வந்து பார்த்தாலும் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

அதனால் என் வழக்கம் இதுதான். யார் எப்படி எழுதினாலும் பிழை என்று சொல்வதில்லை. புரியாத இடத்தில் கேள்வி கேட்பேன். "அக்கா, உங்க டேங்க் எத்தனை லிட்டர்?" அவ்வளவுதான். அவரே அடுத்த வரியில் பத்து லிட்டர் என்று எழுதிவிடுவார், இருநூறு பேரும் படித்துக்கொள்வார்கள். யாருக்கும் முகம் சுண்டாது.

ஒற்றுமிகும்:

முழு மதிப்பெண் போட்டிருப்பேன்தான். டேங்க் விஷயம் எனக்கும் கண்ணில் படவில்லை. 'டேங்கு' என்பதை எப்படித் தமிழ்ப்படுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோத்தல் விஷயத்தில் மட்டும் இறங்கி வர மாட்டேன்.

டிரெடில்காரர்:

எல்லாருக்கும் நன்றி. ஒற்றுமிகும் ஐயா, கோத்தல்தான், ஒப்புக்கொள்கிறேன். அச்சகத்தில் ஒருவர் விடாமல் கோர்க்கிறது என்றுதான் சொல்வோம், அப்படியே கையிலும் வந்துவிட்டது. அதைப் படித்தபோது காது சூடாகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பதில் எழுத வாயில் வந்ததை அழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வரப்போரம் சொன்னதைப் படித்துவிட்டு என் பழைய பதிவைப் போய்ப் பார்த்தேன். நான் திருத்திய வாக்கியம்: 'சென்ற வாரம் பஞ்சகவ்யத்தை டேங்குக்கு முந்நூறு வீதம் ஊற்றித் தெளித்தேன்.' முன்னூறை முந்நூறு ஆக்கியிருக்கிறேன்! முந்நூறு என்ன, எத்தனை லிட்டருக்கு என்று கேட்கவில்லை.

இது எங்கள் தொழிலின் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், ஆனால் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், நான் புரூஃபில் எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு போவேன். "கதைக்குள்ள போகாத, போனா எழுத்தை விட்டுருவ" என்று என் சீனியர் சொல்லுவார். கதைக்குள் போகாமலே 31 வருடம் ஓட்டினேன். ஒரு தடவை கல்யாணப் பத்திரிகை ஒன்று, ஒற்று, சந்தி, சுழி எல்லாம் பளிச்சென்று இருந்தது, முகூர்த்தம் மட்டும் காலைக்குப் பதில் மாலை 6 முதல் 7.30 வரை. ஐந்நூறு பத்திரிகை. பெண்ணின் அப்பா ஒன்றும் திட்டவில்லை, பத்திரிகைக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு நின்றார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினேன்.

நல்லூர்வாசி ஐயா சொன்னதற்கு என் பக்கத்திலிருந்தும் ஒன்று. நான் படிக்கும்போது லை, ணை, னை எல்லாவற்றுக்கும் யானைத் துதிக்கை மாதிரி மேலே ஒரு சுழி இருக்கும். அதைப் போடாவிட்டால் வாத்தியார் கையை நீட்டச் சொல்லுவார். 1978ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது, துதிக்கை போயே போயிற்று. எந்தக் குறைக்கு அடி வாங்கினேனோ, பிற்பாடு அச்சகத்தில் அதைத்தான் சரி என்று விட்டேன். அந்த அடியை யாரிடம் திருப்பிக் கேட்பது?

மல்லிப்பந்தல் அம்மா, அந்த ஒரு வரியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. இங்கே கேள்வி எழுதும்போதுகூட அதைச் சின்னதாக்கித்தான் எழுதினேன். குழுவில் இருந்து என் பதிவை எடுத்துவிடலாம் என்று பார்த்தால் நாள் கடந்துவிட்டது, என் போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடியும் என்கிறது. அதனால் அதன் கீழேயே, அந்தக் கிண்டல் நான் செய்த தப்பு என்று எழுதிவிட்டேன். இந்தத் தடவை யாரும் பொம்மை போடவில்லை.

அப்புறம் குழு நிர்வாகியிடம் நம்பர் கேட்டு வாங்கி அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. "மன்னிக்க வேண்டும் அம்மா, உங்கள் டேங்க் எத்தனை லிட்டர்?" என்று செய்தி அனுப்பினேன். வரப்போரம் சொன்ன வேப்பெண்ணெய் விவரத்தையும் சேர்த்தே போட்டேன். மறுநாள் குரல் பதிவாகப் பதில் வந்தது, நான்கு நிமிடம். டேங்க் பத்து லிட்டர்தான். வெள்ளை பஞ்சு மாதிரி ஒட்டுகிறதாம், பறக்கவில்லையாம். சோப்பு எவ்வளவு போட வேண்டும், பக்கத்தில் இருக்கும் செம்பருத்தியிலும் அடிக்கலாமா, வேப்பெண்ணெய் எந்தக் கடையில் கலப்படம் இல்லாமல் கிடைக்கும் என்று ஒரே மூச்சில் கேட்டிருந்தார். முதல் தடவை கேட்டபோதே எல்லாம் புரிந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குழுவுக்குத் திரும்ப வருகிறீர்களா என்று கேட்டதற்கு "பாக்கலாம் சார்" என்று எழுத்தில் வந்தது. வரப்போரம் ஐயா, சோப்பு அளவு சொல்லுங்கள். லிட்டர் கணக்கோடு.

வரப்போரம்:

முதலில் சோப்பை வெந்நீரில் தனியாகக் கரைத்து, அதில் எண்ணெயை ஊற்றிப் பால் மாதிரி ஆகிறவரை கலக்கச் சொல்லுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் சோப்புப் போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். அதற்குப் பிறகுதான் தண்ணீர். வேப்பெண்ணெய் டப்பாவில் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று போட்டிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மொத்தச் செடிக்கும் அடிக்காமல் முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் விட்டுப் பார்க்கட்டும். செம்பருத்திக்கும் இதேதான்.